செவ்வாய்க்கிழமை வரை காத்திராத அடையாறு அலமாரி

மகளிர் குழுவிலிருந்து சென்னைக்குப் பொருள் விற்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எங்கே இறங்குவது, எங்கே குளிப்பது, எந்த வண்டியில் ஏறுவது என்பதுதான். அதற்கெல்லாம் இதில் பதில் இருக்கிறது. யாரும் கேட்காத ஒன்றுக்கும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்திருக்கிறேன். எழுத மனசில்லாமல் ஒரு மாதமாகத் தள்ளிப்போட்டு வந்தேன்.

நாங்கள் சாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம். குழுவில் பன்னிரண்டு பேர். நான் ஊக்குநர், அதாவது கூட்டம் நடத்தி வங்கிக்கு அலைகிற ஆள். மிதுக்கங்காய் என்கிற சின்னக் கசப்புக் காயில் மிதுக்கு வற்றல், அதோடு கொத்தவரை வற்றல், கூழ் வற்றல் என்று மூன்று வகை போடுகிறோம். எங்கள் ஊரில் தண்ணீருக்குத்தான் பஞ்சம், வெயிலுக்கு இல்லை. தி. நகரில் பெரிய பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எங்கள் பக்கத்துக்காரர். சாத்தூரில் இருக்கும் அவருடைய சொந்தக்காரர் எங்கள் வற்றலைச் சாப்பிட்டுவிட்டு, மாதிரி எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள் என்றார். மாசிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு ரயிலில் கிளம்பினோம்.

என்னோடு வந்தவர் பேச்சியம்மாள். எனக்குப் பேச்சியக்கா. ஐம்பதை நெருங்குகிற வயது, கணவர் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். மிளகாய் வற்றல் கிடங்கில் உட்கார்ந்து காம்பு கிள்ளுகிற வேலை. பல வருஷமாக அந்த நெடியைச் சுவாசித்து இப்போது இருமல் நெஞ்சோடு தங்கிவிட்டது. கிடங்கை விட்டால்தான் மருந்து வேலை செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். விட்டுவிட்டு எதைச் சாப்பிடுவது என்பது டாக்டரின் வேலை இல்லையே. குழு வந்த பிறகு எங்கள் தெருவுக்கு வாரவட்டிக்காரரின் வண்டி வருவதில்லை, அது உண்மை. ஆனால் கடன் தொல்லை போவது வேறு, கையில் வருமானம் வருவது வேறு. இந்தக் கடையின் ஆர்டர் கிடைத்தால் அக்கா வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். அவரைக் கூட்டிக்கொண்டு போனதே அதற்காகத்தான்.

ஸ்லீப்பர் கட்டணம் ஒருவருக்கு முந்நூற்று ஐம்பதுக்குக் கொஞ்சம் மேல். திங்கட்கிழமை காலை எழும்பூரில் இறங்கி, புறநகர் ரயிலில் அடுத்த நிறுத்தமான பூங்கா நிலையம் போய், சாலையைக் கடந்து பறக்கும் ரயில் பிடித்தோம். சிந்தாதிரிப்பேட்டையைத் தாண்டும்போது அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தண்ணி ஓடுது, இப்படி நாறவிட்டுருக்காக" என்றார். கூவத்தைப் பார்த்து ஆதங்கப்பட எங்கள் ஊர்க்காரர்களுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன். திருமயிலை வரைக்கும் இருவருக்குமாக இருபது ரூபாய்கூட ஆகவில்லை. ஆட்டோக்காரர் கேட்டது முந்நூறு.

மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிய சந்தில் அஞ்சலை இருக்கிறாள். ஒரு பயிற்சியில் எனக்குப் பழக்கம். அவளுடைய குழு ஒரு டிபன் கடை நடத்துகிறது. "இன்னாக்கா, இம்மா மூட்டை தூக்கினு வந்துகிற" என்றபடி ஒரு பையை வாங்கிக்கொண்டாள். குளிக்க இடம், ஆளுக்கு நான்கு இட்லி, ஒரு வடகறி. காசு வாங்க மறுத்தாள், பிடிவாதமாகக் கொடுத்தோம். நீங்கள் போகும்போதும் லாட்ஜுக்கு முந்நூறு நானூறு அழாமல், உள்ளூர்க் குழு ஒன்றோடு முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம்: மாதிரிப் பொட்டலங்களை மயிலாப்பூர்ப் பக்கம் பிரிக்காதீர்கள். கடற்காற்று பட்டால் கூழ் வற்றல் நமத்துப் போகிறது. ஒரு பொட்டலத்தை அப்படித்தான் இழந்தோம்.

ஆர்டர் கிடைத்தால் உடனே கொடுக்கக் கொண்டுவந்த சரக்குப் பைகளை அங்கேயே வைத்துவிட்டு, மாதிரிகளோடு தி. நகர் பேருந்தில் ஏறினோம். ஐந்து கிலோமீட்டர்தான் இருக்கும், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. போக்குவரத்து நெரிசலில் முக்கால் மணி நேரம் பிடித்தது. கடையில் வேட்டி கட்டிய அண்ணாச்சி கல்லாவில் இருந்தார். ஊர்ப் பெயரைச் சொன்னதும் மோர் வரவழைத்தார். உள்ளே அடுப்படிக்கு அனுப்பி மூன்றையும் பொரித்துக் கொண்டுவரச் சொன்னார். மிதுக்கு வற்றலை வாயில் போட்டு நிதானமாக மென்றார். நல்லதா கெட்டதா என்று தெரியாமல் நான் சேலை முந்தியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"கசப்பு சரியா நிக்குது தாயி" என்றார். "ரெண்டு கடைக்குமா மாசம் முந்நூறு கிலோ எடுத்துக்கிடுதேன். ஒரு வருஷத்துக்குப் பேசிக்குவோம். கிலோவுக்கு முந்நூத்து இருபது. அடையாத்துல நம்ம புதுக் கடைல அலமாரி ஒதுக்கி வச்சிருக்கேன். போய்ப் பாத்துட்டு இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிவச் சொல்லுங்க. நாளைக்குக் காலைல சரக்கு அடுக்கணும். ஈரோட்டுப் பக்கம் ஒரு குழுவும் கேட்டு நிக்குது."

நான் மனக்கணக்குப் போட்டேன். பொருள் செலவு போக எல்லோருக்கும் கிடங்குக் கூலியைவிடக் கொஞ்சம் கூடவே வரும். அக்காவைப் பார்த்தேன். அவர் மோர் டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

நேரத்தை மிச்சம் பிடிக்க அடையாறுக்கு ஆட்டோ. ஏழு கிலோமீட்டர், இருநூறு கேட்டு நூற்றெண்பதுக்கு வந்தார். கோட்டூர்புரம் பாலத்தில் போகும்போது, "மூட்டைல இன்னாமா, கருவாடா?" என்று கேட்டார் ஓட்டுநர். மிதுக்கு வற்றல் என்றேன். "அது இன்னா மீனு?" என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் இருமல் வந்துவிட்டது. பாலம் தாண்டியும் நிற்கவில்லை. அவர் வண்டியை ஓரம் கட்டித் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். நல்ல மனுஷர்.

அடையாறு கடை புதிது, ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் பில் போடும் இடத்துக்கு அருகிலிருந்த அலமாரியைக் காட்டினாள். சரியாகக் கண் பார்க்கிற உயரத்தில் இரண்டு அடுக்கு காலியாக இருந்தன. வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் பார்க்கிற இடம். பேச்சியக்கா பையைக் கீழே வைத்துவிட்டு முந்தியால் அந்தத் தட்டைத் துடைத்தார். ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "மேல மிதுக்க வைப்போம் மகேசு. கூழு வத்தல் நொறுங்கும், அது கீழ இருக்கட்டும்" என்றார் என்னிடம். வேலை செய்யும் பெண் சரி என்றாள். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது இல்லை.

இப்போது எங்கள் குழுவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு பேரும் வட்டமாக உட்காருவோம். அங்கே எல்லோரும் முகம் பார்த்துச் சரி என்று சொல்லி, தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டால்தான் எதுவும் முடிவு. எனக்கு முன்னால் ஊக்குநராக இருந்தவர், எல்லாரிடமும் போனில் கேட்டாச்சு, சரின்னு சொல்லிட்டாங்க என்று குழு பெயரில் கடன் வாங்கித் தன் வீட்டுக்குச் செலவழித்துவிட்டார். ஒருத்தருக்கொருத்தர் சரி சொன்னதாக நினைத்து யாரும் விசாரிக்கவில்லை. பங்கு கட்ட முடியாமல் பேச்சியக்கா தோட்டை விற்றார். அதன் பிறகுதான், போனில் கேட்டதெல்லாம் கேட்டதாகாது என்று விதி போட்டோம். போட வைத்தவரே பேச்சியக்காதான்.

கடைக்கு வெளியே நிழலில் நின்று நான் ஒவ்வொருவராகப் போன் போட ஆரம்பித்தேன். பேசியவர்கள் எல்லோரும் சரி என்றார்கள். காட்டு வேலைக்குப் போனவர்கள் சிலர் எடுக்கவில்லை.

"போன வை மகேசு" என்றார் அக்கா.

"ஏன்க்கா? மணி மூணாகப் போகுது."

"நம்ம என்ன பேசி வச்சிருக்கோம்? நாளைக்குக் கூட்டத்துல வச்சுச் சொல்றோம்னு அண்ணாச்சிட்ட சொல்லு."

"உனக்காகத்தான்க்கா கேக்குறேன். இது கிடைச்சா நீ கிடங்குக்குப் போக வேணாம்ல."

"எனக்காகன்னா மட்டும் விதிய வளைக்கலாமா? அன்னைக்கும் இப்படித்தான, எல்லாரும் போன்ல சரின்னாகன்னு சொல்லித்தான எந் தோடு போச்சு. நாளைக்குச் சரக்குக் குடுக்க முடியாம ஒருத்தி திணறுனா, என்னயக் கேட்டியான்னு கேப்பா. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

நான் ஊக்குநர். அங்கேயே அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சரி என்று சொல்லியிருக்கலாம். அக்கா நான்கு நாள் பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். ஆனால் அவர் சொன்னதில் பிழை எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இன்று வரை முடியவில்லை என்பதுதான் கஷ்டம். அண்ணாச்சியிடம் ஒரு நாள் தவணை கேட்டேன்.

"ஒரு நாள்தானன்னு நீங்க சொல்லுதீக. எனக்குக் காலைல அலமாரி நிறையணும் தாயி" என்றார். "வச்சிருக்கேன்னு பொய் சொல்ல மாட்டேன். இருந்தா உங்களுக்குத்தான்." கோபமாகச் சொல்லவில்லை, அதனால் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

மந்தைவெளி வழியாக வரும் பேருந்தில் மயிலாப்பூர் திரும்பினோம். அஞ்சலையிடம் நடந்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பேஜாரு பண்ட்டியேக்கா. எங்க குழுல யாரு வெளிய போறாங்களோ அவுங்க சொல்றதுதான். கெளம்பறதுக்கு முன்னாலயே குந்திப் பேசி, இன்ன வெலைக்கு மேல வந்தா ஒத்துக்கோன்னு எய்தி எல்லாரும் கையெய்த்து போட்டுக் குட்த்துருவோம்." வட்டமாக உட்கார்ந்து எடுக்கும் முடிவுதான் அதுவும். விதியை மீறவே வேண்டியதில்லை. முந்தின செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் எந்த ரயில், எத்தனை பொட்டலம், புளிசாதமா எலுமிச்சை சாதமா என்றெல்லாம் பேசினோம். கடைக்காரர் சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. இல்லை என்று கேட்டுத்தான் எங்களுக்குப் பழக்கம்.

செவ்வாய்க்கிழமை காலை ஊர் வந்து சேர்ந்தபோது பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்தோம். தீர்மானம் போட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பன்னிரண்டு கையெழுத்தும் விழுந்த பிறகு எல்லோர் முன்னாலும் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மத்தியானமே ஈரோட்டுக் குழுவின் சரக்கை அடுக்கியாகிவிட்டது, ஒரு வருஷத்துக்குப் பேசியாகிவிட்டது என்றார். யார் மேலாவது கோபப்படலாம் என்றால் அதற்கும் ஆள் இல்லை. வாங்கியதும் எங்களைப் போல ஒரு குழு. "நல்லாருக்கட்டும், அவளுகளுக்கும் புள்ள குட்டி இருக்கும்ல" என்றார் பேச்சியக்கா. மறுநாள் காலை மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு கிடங்குக்குப் போனார். நான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். இருவருக்கும் போக வர எல்லாச் செலவும் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. சாதாரணப் பேருந்து இலவசம் என்பதால் நேரம் இருந்தால் ஆட்டோ வேண்டாம். கடைக்காரர்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பு பாருங்கள். பொரித்துக் காட்டச் சின்ன எண்ணெய் பாட்டிலும் கையில் இருக்கட்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், என்ன விலை, எவ்வளவு சரக்கு, யார் முடிவு சொல்வது என்பதை எல்லோருமாக உட்கார்ந்து பேசித் தீர்மானமாக்கிக் கையில் எடுத்துக்கொண்டு ரயில் ஏறுங்கள். அது இல்லாமல் போகிற பயணம் ஊர் சுற்றிப் பார்க்கிற பயணம்தான்.

எங்கள் குழுவும் அப்படி ஒரு தீர்மானம் போட்டிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். அடுத்த கூட்டத்திலேயே எழுதிக் கொண்டுபோனேன். பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பேச்சியக்கா பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"உம் மேல சந்தேகம் இல்ல மகேசு. நீ நல்லவதான். முன்னால இருந்தவளையும் அப்படித்தான நம்புனோம்."

"அப்ப என்னதான்க்கா செய்றது? அடுத்த கடையும் கைவிட்டுப் போகணுமா?"

"பன்னெண்டு பேருமா போவோம். கடை வாசல்லயே வட்டமா உக்காந்து சொல்லுவோம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் கையெழுத்து இல்லாமல் தீர்மானம் செல்லாது. ஆகவே பன்னிரண்டு பேர் டிக்கெட்டுக்கும் வாராவாரம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் சேர்க்க ஆரம்பித்திருக்கிறோம். முதல் வாரம் முதல் ஆளாகப் பணம் வைத்தவர் பேச்சியக்கா. கிடங்குக் கூலியிலிருந்து எடுத்து வைத்தார்.