இருமலுக்குக் குனிந்த தலை

ஜெய்ப்பூர் போகிற பிக்கப் வண்டியின் பின்னால் மெத்தை விரித்து, விம்லேஷை மல்லாக்கப் படுக்க வைத்துக் கொண்டுபோனான் அவள் புருஷன் மகிபால். பார்த்தவர்கள் யாரோ பிரசவத்துக்குப் போகிறாள் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் போலீஸ் வேலைக்கு உயரம் அளக்கப் போகிறவர்கள் ராஜஸ்தானின் ஜுன்ஜுனு பக்கத்தில் இப்படித்தான் போவார்கள். நடந்தால், உட்கார்ந்தால் முதுகெலும்பு அமுங்கி அரை சென்டிமீட்டர் போய்விடும் என்று அங்கே எல்லாருக்கும் பயம்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் மகிபால் கத்தினான். "எந்திரிச்சுடாத விம்லா! தண்ணி வேணும்னாலும் படுத்துக்கிட்டே குடி!"

"சாகறதுக்கு முன்னாடியே பாடையில ஏத்திட்ட. பேசாம ஓட்டு."

வாய் துடுக்காகத்தான் பேசியது. ஆனால் நேற்று ராத்திரி அவள் கண்ணே மூடவில்லை. எழுத்துத் தேர்வில் தேறியவள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தவள். பெண்களுக்கு நூற்று ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர் வேண்டும். போன வருஷம் மைதானத்தில் அளந்தபோது அரை சென்டிமீட்டர் குறைகிறது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். ஊர் அரசு மருத்துவமனைச் சீட்டில் சரியாக இருக்கிறது என்று ஹைகோர்ட்டுக்குப் போனாள். மூன்று டாக்டர்கள் மறுபடி அளக்கட்டும், போலீஸ் துறையின் ஆள் ஒருவர் கூட இருந்து பார்த்துக் கையெழுத்துப் போடட்டும், வருகிற எண்ணே கடைசி என்றார் நீதிபதி. குறைந்தால் வழக்கு தள்ளுபடி. அவளுக்கு வயது வரம்பும் முடிந்துவிட்டது, இன்னொரு தேர்வு கிடையாது.

அன்றைக்கு ஏன் குறைந்தது என்று விம்லேஷுக்குத் தெரியும். வக்கீலிடம் சொல்லவில்லை, மகிபாலிடமும் சொல்லவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? மைதானத்தில் அளந்தது பெண் போலீஸ்தான். ஆனால் மேஜையில் உட்கார்ந்து பதிவேட்டில் எழுதியவர் ஏட்டு தாராசந்த். மகிபாலின் பெரியப்பா மகன், அவனுக்கு அண்ணன், அவளுக்கு மூத்தார் முறை. உயரம் அளக்கும் கம்பத்தில் அவள் முதுகு ஒட்டியதும் அவர் இருமினார்.

மூத்தார்கள் முற்றத்துக்குள் நுழையுமுன் இருமுவார்கள். இருமல் கேட்டால் மருமகள் முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிய வேண்டும். ஏழு வருஷமாக அந்தக் கூட்டுக் குடும்பத்தில் அதுதான் பாடம். அன்றைக்கும் அவளைக் கேட்காமலே கழுத்து குனிந்தது. அளவுக்கட்டை இறங்கி உச்சந்தலையில் உட்கார்ந்தது. அவ்வளவுதான், ஒரு வேலை போச்சு.

மருத்துவமனை வாசலில் மகிபால் அவளைக் கைத்தாங்கலாக இறக்கினான். "நிமிந்து நில்லு, போதும். இங்க உன்னை யாரு என்ன பண்ணிடப் போறா?"

அறைக்குள் நுழைந்ததும் சுவரோரம் நாற்காலியில் இரண்டு பூட்ஸ் தெரிந்தன. இடது பூட்ஸில் வெள்ளை நூலால் ஒரு தையல். முகம் பார்க்காமலே அடையாளம் தெரிந்துவிட்டது. ஏழு வருஷமாக அவரிடம் அவள் பார்த்ததெல்லாம் கால்கள்தானே. துறையின் ஆளாக வந்திருப்பது தாராசந்த்.  ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

"முக்காட்டை எடுத்துடும்மா. குதிகால், முதுகு, பின்மண்டை மூணும் கம்பத்துல ஒட்டணும்," என்றார் டாக்டர் சரோஜ் மாத்தூர். மூவரில் மூத்தவர்.

ஒட்டினாள். மூச்சை இழுத்தாள். நாற்காலியிலிருந்து இருமல் வந்தது. கழுத்து சரிந்தது.

"நூத்தி ஐம்பத்தொண்ணு புள்ளி அஞ்சு," என்றார் அளந்த டாக்டர். எழுதப்போன பேனாவை டாக்டர் சரோஜ் பிடித்து நிறுத்தினார்.

"நில்லுங்க, தாடை கீழே இருக்கு. ஏம்மா குனியுற? நேராப் பாரும்மா."

"முடியல டாக்டர்."

"கழுத்துல வலியா?"

 சொன்னால் குடும்ப மானம் சந்தி சிரிக்கும். சொல்லாவிட்டால் இந்தக் கம்பத்தடியிலேயே எல்லாம் முடிந்தது. "அவரு எங்க மூத்தார்," என்றாள், தரையைப் பார்த்து.

 டாக்டர் சரோஜ் தாராசந்தைப் பார்த்தார். "உங்களை வெளிய அனுப்ப எனக்கு அதிகாரம் இல்ல, கோர்ட் உத்தரவு. இருமலாவது அடக்கிக்கலாம்ல?"

"தொண்டை சரியில்ல மேடம்," என்றார் அவர், குரலில் சிரிப்போடு. "எங்க வீட்டுப் பொண்ணுங்க தலை நிமிராதுங்க. வளர்ப்பு அப்படி."

கோபத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது அவளுக்கு. கம்பத்தில் ஒட்டி, தாடையைத் தூக்கினாள். அறை குறுகல். தலை நிமிர்ந்தால் பார்வை போக எதிரே அவர் முகத்தை விட்டால் வேறு இடமே இல்லை. இருமல் வந்தது, மறுபடியும் வந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை. சாயம் போன மீசையும் காதில் முளைத்த நரைமுடியும் தெரிந்தன. இவ்வளவு சின்ன முகமா? இதற்கா ஏழு வருஷம்?

"நூத்தி ஐம்பத்திரண்டு புள்ளி ஒண்ணு." அடுத்த இரண்டு டாக்டர்களும் அளந்தார்கள். அதே எண்.

தாராசந்த் எழுந்துவந்து காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டு, மூத்தார்கள் தம்பி மனைவியிடம் நேராகப் பேசக் கூடாது என்பதால், டாக்டரைப் பார்த்துச் சொன்னார். "இனிமே நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க வேணாம்னு அவகிட்ட சொல்லிடுங்க மேடம்."

டாக்டர் வாய் திறக்குமுன் விம்லேஷ் பேசிவிட்டாள்.  பின்மண்டை இன்னும் கம்பத்தில் ஒட்டியே இருந்தது.

"அத நீங்களே என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.