கறிவேப்பிலைத் தொட்டியில் ஒரு தில்லி வண்டு

பாதி எள் அளவுதான் இருக்கும் அந்த வண்டு. கறுப்பு முதுகு, அதில் மெல்லிய வெள்ளை ரோமம், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஆரஞ்சுப் பொட்டு. லென்ஸ் இல்லாமல் பார்த்தால் வெறும் தூசி. தில்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில், எங்கள் பால்கனிக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு அக்டோபரில் அதைப் பார்த்தேன். பூச்சிகளை இனம் பிரிப்பதுதான் என் உத்தியோகம், சட்டென்று தெரிந்துவிட்டது. தென்னிந்தியாவில் மட்டுமே உண்டு என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்த வண்டு.

அலுவலகத்தில் சிரித்தார்கள். "மேடம், உங்க ஊர் மூட்டையில வந்திருக்கும். பாவம், தில்லிக் குளிர்ல செத்துடும்," என்றார் மேலதிகாரி, இந்தியில். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது இங்கேயே குளிரைத் தாண்டி, இனம் பெருக்கினால்தான் தில்லியும் அதன் இடம் என்று நான் சொல்ல முடியும்.

தெற்கிலிருந்து கரோல் பாக் கடைக்கு வரும் கறிவேப்பிலையோடும் வண்டு வந்துவிடலாம். அதனால் குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் ஒரு இணுக்கு நுழையவிடவில்லை. கறிவேப்பிலை இல்லாத ரசத்தை வீட்டுக்காரர் முணுமுணுத்தபடியே சாப்பிட்டார். ஜனவரியில் செடி இலை உதிர்த்துக் குச்சியாக நின்றது. வண்டையும் காணோம். மேலதிகாரி அடிக்கடி அதன் நலம் விசாரித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மார்ச்சில் துளிர் விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் படிக்கும் மகள் பால்கனியிலிருந்து கத்தினாள். "அம்மா, ஜல்தி வா! செடி ஃபுல்லா மாவுப்பூச்சி. சோப்புத் தண்ணி அடிச்சிடவா?"

"கை வைக்காதே!"

இந்த வண்டின் புழு, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகோடு மாவுப்பூச்சி மாதிரியே வேஷம் போடும். அந்த வேஷத்திலேயே மாவுப்பூச்சியைத் தின்னும். எத்தனை வீட்டில் அதைக் கழுவிக் கொட்டியிருப்போமோ! லென்ஸில் பார்த்தேன். அந்த வெள்ளைகளில் சில விறுவிறுவென்று ஓடின. மாவுப்பூச்சிக்கு ஏது அந்த வேகம்? வாய்விட்டுச் சிரித்தேன்.

புழுக்களை வளர்த்து வண்டாக்கி மேலதிகாரி மேசையில் வைத்தேன். வெகுநேரம் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு "அச்சா" என்றார். இப்போது அந்த வண்டு வாழும் இடங்களின் பட்டியலில் தில்லியும் உண்டு. சேர்த்தது நான். பெருமை தாங்காமல் மேல்வீட்டுத் தமிழ் மாமியைக் கூப்பிட்டு லென்ஸில் காட்டினேன்.

புதிதாக யாரைப் பார்த்தாலும் கேட்பதைத்தான் மாமி கேட்டார். "இதுக்கு நேட்டிவ் எது?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் பதில் சொன்னாள்.

"தில்லி, ஆன்ட்டி. அப்பா அம்மாதான் சவுத்."