இடி வாங்கிய வீடியோ கேமரா

தறி ஷெட்டில் எல்லாரும் அவரை 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலே தெருக்கோடி வரை கேட்கும். மில் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஜன்னல் வழியாக ஒரு விளம்பரத் தாளை நீட்டினார். "தம்பி, நீ காலேஜ் முடிச்சவனாமே. இந்த இங்கிலீஷைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு." எல்லாம் வீடியோ கேமராக்கள். படித்துச் சொன்னேன். அப்படிப் பழக்கமானதுதான்.

அவர் மனைவி வெளிநாட்டில், ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போயிருந்தாள். மகளுக்கு அப்போது மூன்று வயது. வாயில் 'ர' நுழையாது. "அம்மா எப்ப வலுவா?" என்பாள், வீடே சிரிக்கும். ஆனால் போனைக் காதில் வைத்தால் வாயைப் பூட்டிக்கொள்வாள். "அவ மழலை போறதுக்குள்ள ஒரு தடவையாவது கேக்கணும்டா" என்று மனைவி தன் தம்பியிடம் அழுதாள். போனில் எப்போதும் அந்த மச்சினன்தான் பேசுவான். "ஒரே இரைச்சலா இருக்கு, நீயே பேசு மாப்ள" என்று இடி ஒதுங்கிவிடுவார்.

செல்போனில் படம் எடுத்தால் மூக்கு எது முழி எது என்று தெரியாத காலம் அது. கேமரா வாங்கியே தீருவது என்று மச்சினனையும் கூட்டிக்கொண்டு இடி கிளம்பினார்.

முதல் கடையில், "டேப்பா, டிஸ்க்கா, கார்டா?" என்று கேட்டார்கள்.

"புள்ளையப் படம் எடுக்கறதுக்குங்க."

அதற்குமேல் அங்கே மரியாதை இல்லை. அடுத்த கடையில் பெட்டி மேல் கொட்டை எழுத்தில் 'டிஜிட்டல் ஜூம்' என்று போட்டு, பக்கத்தில் தலை சுற்றுகிற மாதிரி ஒரு எண்.

"அது கணக்கில்லைங்க. படம் கட்டம் கட்டமா உடைஞ்சு போகும்."

"கணக்கில்லாததை எதுக்குங்க இவ்வளவு பெருசா எழுதியிருக்கு?"

கடைக்காரர் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். கைக்கு எட்டுகிற விலையில் ஒன்று மூன்றாவது கடையில் அமைந்தது. அதிலும் கார்டு தனி, வயர் தனி, இன்னொரு பேட்டரி தனி. "விட்டா பொத்தானும் தனின்னுவாங்க போலிருக்கு" என்று மச்சினன் முணுமுணுத்தான். "சத்தம் சரியா இருக்கான்னு பாருங்க" என்று விற்பவர் ஹெட்போனை மாட்டிவிட்டார். குட்டித் திரையில் கடைக்காரரின் வாய் அசைந்தது. "கணீர்னு இருக்கு" என்று இடி தலையாட்டினார்.

அன்றிலிருந்து மகள் சாப்பிட்டாலும் படம், சண்டை போட்டாலும் படம். ஜூம் பொத்தானிலிருந்து அவர் விரல் இறங்கவில்லை. மகளின் முகம் கிட்டே வரும், எட்டப் போகும், மறுபடி கிட்டே வரும். மாதம் தவறாமல் டிஸ்க்கில் ஏற்றி அனுப்பினார்.

"படம் நல்லா இருக்காம் மாமா. ஆனா பேச்சே கேக்கலையாம். மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி கொர்ருன்னு ஒரே சத்தமாம்" என்றான் மச்சினன்.

"அவ டிவி ஓட்டையா இருக்கும்."

அடுத்த டிஸ்க்குக்கும் அதே புகார். இடி கேமராவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்க் கத்தினார். வித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று கடைக்காரர் சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டினார். மனைவிக்காகச் செய்த வேலைக்கு மனைவியே குறை சொல்கிறாளே என்று இரண்டு மாதம் படமே எடுக்கவில்லை. கடைசியில் மச்சினனை டிவி முன்னால் இழுத்து உட்கார வைத்தார்.

"நீயே பாரு. 'எப்ப வலுவே'ன்னு கேக்கறா. எனக்குக் கேக்குது, உனக்குக் கேக்கலையா?"

மச்சினன் எழுந்து டிவி திரையின் மேல் ஒரு துண்டைப் போட்டான். "இப்ப என்ன சொல்றா, சொல்லுங்க மாமா."

துண்டுக்கு அடியிலிருந்து ஒரு கனத்த உறுமல். வேறொன்றும் இல்லை.

தறி ஷெட்டின் இரைச்சலில் காதுக்கு வேலை கிடையாது. யார் என்ன சொன்னாலும் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். பதினெட்டு வருஷமாக அப்படியே பழகியதில், காது எப்போது கழன்றுகொண்டது என்று அவருக்கே தெரியவில்லை. மகளின் உதட்டைப் பார்த்ததும் குரல் தானாக உள்ளே ஒலித்திருக்கிறது. கேமராவின் மைக்கை ஒட்டி ஜூம் மோட்டார். விரல் பட்டபோதெல்லாம் அது உறுமியிருக்கிறது. எடுத்ததில் விரல் படாத துண்டு ஒன்றுகூடத் தேறவில்லை.

"என்கிட்ட ஏன்டா யாரும் சொல்லல?"

"எதை மாமா?"

இடி எழுந்து டிவியை அணைத்தார்.

மறுநாளிலிருந்து கேமராவை அலமாரி மேல் வைத்து, கையைக் கட்டிக்கொண்டு தூர நின்றார். ஆனால் அதற்குள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். டீச்சர் 'ர'வைச் சொல்லிக் கொடுத்துவிட்டாள். "அம்மா எப்ப வருவே?" என்று சுத்தமாகக் கேட்டாள். "பழைய மாதிரி சொல்லுடி கண்ணு" என்று அப்பன் கெஞ்சினார். "அது பாப்பா பேச்சுப்பா" என்று ஓடிவிட்டாள். அந்த டிஸ்க் போய்ச் சேர்ந்ததும், "எவ்வளவு தெளிவாப் பேசறா" என்று மனைவி சந்தோஷப்பட்டாளாம். அதைச் சொன்ன மச்சினன் மேல் இடி அன்று முழுக்க எரிந்து விழுந்தார்.

மனைவி திரும்பி வந்துவிட்டாள். மகள் இப்போது ஐந்தாவது படிக்கிறாள். இடி அதே ஷெட்டில், அதே தறியில்தான் இருக்கிறார். இடது காதில் மட்டும் மிஷின் வைத்திருக்கிறார். ஷெட்டுக்குள் போகும்போது கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.