பருப்பு வேகும் கிணறு

எங்கள் தெருவில் தண்ணீருக்கு ஒரே பரீட்சைதான். துவரம்பருப்பு வேக வேண்டும். ஆரணியில் பாதிக் கிணறுகளின் தண்ணீரில் பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். உண்ணாமலை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் மட்டும் அரிசி களைந்து வைப்பதற்குள் குழைந்துவிடும்.

உண்ணாமலை நெசவாளர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தவள். தறியில் குறுக்கே ஓடுகிற பட்டு நூலைச் சின்னக் குழலில் சுற்றித் தரும் வேலை அது. புருஷன் சின்ன வயதிலேயே போய்விட்டான், பிள்ளை கிடையாது. இருந்ததெல்லாம் ஓர் ஓட்டு வீடும் பின்னால் அந்தக் கிணறும். வாய் கொஞ்சம் நீளம். "செருப்போட வராதடி, இது இன்னா சந்தையா?" என்று கத்துவாள். ஆனால் ஒருத்தியையும் வெறுங்குடத்தோடு அனுப்பியதில்லை.

தொண்ணூற்று நான்கில் நிலத்தடி நீரை ஆய்வு செய்கிறோம் என்று ஒரு ஜீப் வந்தது. வந்த அதிகாரி ஒரு கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். கத்தரி வெயில். தானும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்து, "தேனாட்டம் இருக்குதும்மா" என்றார். போனவர் போனவர்தான், அதற்குப் பிறகு ஒரு நாதியும் எட்டிப் பார்க்கவில்லை. உண்ணாமலை மட்டும் "ஆபீசரே சொன்னாரு" என்று வருஷக்கணக்கில் பீற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் எதிர்வீட்டில் சின்னதுரை தறி நெய்தான். அவன் மனைவி சாவித்திரி இரண்டு கிட்னியும் கெட்டுச் செத்துப்போனாள். மகள் காவ்யா கல்லூரியில் வேதியியல் படித்தாள். இரண்டாயிரத்து ஏழில், படிப்புக்காக ஆரணித் தண்ணீரைப் பற்றி பிரவுசிங் சென்டரில் தேடியிருக்கிறாள். அரசாங்கம் பழைய அறிக்கைகளையெல்லாம் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றத் தொடங்கியிருந்த நேரம். கிடைத்தது தொண்ணூற்று நான்கில் எங்கள் தெருவில் நடந்த ஆய்வு.

அறிக்கை இங்கிலீஷில் இருந்தது. பிரிண்ட் எடுத்து வந்து அப்பனுக்கு அவள் தமிழில் சொன்னாள். தெருவுக்குப் பின்னாலிருக்கும் பட்டறையில் பட்டின் பசை போகச் சோடா போட்டு வேகவைக்கிறார்கள். அந்தச் சோடா உண்ணாமலையின் கிணற்றில் ஊறியிருக்கிறது. கூடவே சாயத்திலிருந்து கிட்னியைக் கெடுக்கும் குரோமியமும். குடிக்கவே கூடாத தண்ணீர். பருப்பு குழைந்ததே அந்தச் சோடாவால்தான். இத்தனை வருஷம் நாங்கள் மெச்சியது அதைத்தான்.

அது போதாதென்று கடைசியில் ஒரு வரி. கிணற்றின் உரிமையாளருக்கு நேரில் தெரிவிக்கப்பட்டது, அவர் பயன்பாட்டை நிறுத்திவிட்டார் என்று.

சின்னதுரை காகிதத்தைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனான்.

"தெரிஞ்சிகினேதான் குடுத்தியாக்கா?"

"சத்தியமா யாரும் வரல தொரை. நானும் அதத்தானே குடிச்சிகினு இருக்கிறேன்!"

"கம்ப்யூட்டர்ல போட்டுகீது. அது பொய் சொல்லுமா?"

ரேஷன் கார்டில் ஆளுக்குப் பத்து வயதைக் கூட்டிப் போட்ட அரசாங்கம். அதைத் திட்டாத வாய் எங்கள் தெருவில் கிடையாது. அன்றைக்கு மட்டும் அரிச்சந்திரனாகிவிட்டது. தெருவே நம்பியது. தார் சுற்றக் கொடுப்பதைக்கூட ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு பேரிடம் சண்டை போட்டேன். பலனில்லை.

கிணற்றை அவளே முள் வெட்டிப் போட்டு மூடினாள். "தண்ணி கெட்டதுன்னா கெட்டதுதான். நான் தெரிஞ்சே குடுத்தேன்னு எழுதிகிறாங்களே, அந்த ஒரு வரிய எடுக்கச் சொல்லு," என்றாள் என்னிடம்.

இருவரும் பஸ் ஏறி அந்த அறிக்கையை ஏற்றிய அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மாதிரிதான். உட்காரச் சொல்லித் திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இது ஸ்கேன் காப்பிம்மா. ஒரு எழுத்தக்கூட மாத்த முடியாது. காலத்துக்கும் பத்திரமா இருக்கணும்னுதான் ஏத்தியிருக்கோம்."

"பொய்யி கூடவாங்க பத்திரமா இருக்கணும்?"

அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீட்டினார். மனு எழுதிக் கொடுங்கள், விசாரித்து அறிக்கையோடு சேர்க்கிறோம் என்றார். நான் எழுதினேன், அவள் கையெழுத்துப் போட்டாள்.

அப்புறம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான்: "பதில் வந்துச்சாடா?" வரவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது ஏப்ரலில் காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அவளைக் குளிப்பாட்ட அடுத்த தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து வந்தோம். எதிர்வீட்டிலிருந்து சின்னதுரை வெளியே வரவில்லை.

அந்த வருஷம் தீபாவளி கழித்து அப்பனும் மகளும் என் வீட்டுக்கு வந்தார்கள். காவ்யா இன்னொரு பிரிண்ட் எடுத்திருந்தாள். சொன்னபடியே உண்ணாமலையின் மனுவையும் ஸ்கேன் செய்து அறிக்கையின் வாலில் சேர்த்திருக்கிறார்கள். மனுவுக்குக் கீழே அலுவலகக் குறிப்பு. தமிழில் இருந்ததால் இந்த முறை சின்னதுரையே எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"மனுதாரருக்கு நேரில் விளக்கம் தெரிவிக்கப்பட்டது. அவர் ஏற்றுக்கொண்டார்."

தேதியைப் பார்த்தான். "அக்கா போனது ஏப்ரல்லதானே? இதுல ஜூன்னு போட்டுகீது."

"ஆமா. சுடுகாட்டுக்குப் போய்ச் சொல்லிட்டு வந்திருப்பாங்க."

அவன் சிரிக்கவில்லை. காகிதத்தை மடித்தான், மறுபடி பிரித்தான்.

"அப்ப அன்னிக்குப் போட்டதும் இதே மாதிரிதானா?"

"இதத்தான் அந்தப் பொம்பள தொண்டத் தண்ணி வத்தக் கத்துச்சு. யாரு கேட்டீங்க?"

அவன் எழுந்து தெருவைக் கடந்து உண்ணாமலையின் பின்வாசலுக்குப் போனான். நானும் காவ்யாவும் பின்னாலேயே போனோம். கிணற்றின்மேல் அவள் போட்ட முள் காய்ந்து அப்படியே கிடந்தது. அதன் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"அக்காகிட்ட சொல்லணுமே," என்றான். "நான் நம்புறேன்னு யாருன்னா அக்காகிட்ட சொல்லணுமே."