ஊர் வைக்கிற இடம்

கம்ப்யூட்டர் விளையாட்டில் எங்கே ஊர் வைப்பது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பக்கத்தில் ஆறு வேண்டும், எட்டுகிற தூரத்தில் இரும்பு வேண்டும். நிலக்கரி மட்டும் ஆரம்பத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆட்டம் பாதி நகர்ந்த பிறகுதான் வரைபடத்தில் முளைக்கும். அது நான் வைத்த ஊருக்கு அடியிலேயே முளைத்துவிட்டால் நாற்காலியை விட்டு எழுந்து கை தட்டுவேன். கம்மாபுரம் பக்கத்தில் பிறந்தவன் செய்கிற காரியமா அது?

எங்கள் வீட்டுக்கு அடியிலும் நிலக்கரிதான். சுரங்கம் எங்கள் பக்கம் வரப்போகிறது என்று பல வருஷமாகப் பேச்சு. வருவதும் இல்லை, வராது என்று யாரும் சொல்வதும் இல்லை. இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்குச் செலவு என்று அப்பா உடைந்த ஓடுகளைக்கூட மாற்ற விடவில்லை. நான் வேலை பார்க்கும் விருத்தாசலம் பீங்கான் கம்பெனிக்குப் பக்கத்தில் வாடகைக்குப் போகலாம் என்றால், பூட்டிய வீட்டுக்குச் சுரங்கத்துக்காரர்கள் மாற்று மனை தரமாட்டார்கள் என்று டீக்கடையில் யாரோ சொன்னதையே பிடித்துக்கொண்டார். இருக்கவும் முடியாது, கிளம்பவும் முடியாது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். களிமண் தூசியோடு பைக்கில் வீடு திரும்பி, அதையெல்லாம் விளையாட்டில் கொட்டுவேன். அங்கேயாவது நான் நினைத்த இடத்தில் ஊர்.

தங்கச்சி நர்சிங் படிக்கிறாள். ஒழுகாத ஓர் அறை கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனவள். போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒழுகுகிற இடங்களில் பாத்திரம் வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தானும் ஓர் ஊர் வைக்கப்போவதாகச் சொன்னாள். விட்டேன். ஆற்றைத் தாண்டி, இரும்பைத் தாண்டி, வரைபடத்தின் ஓரத்தில் வெறும் பொட்டலில் கொண்டுபோய் வைத்தாள். எனக்குச் சுள்ளென்று வந்தது. இந்த ஊர் வளரவே வளராது, ஆட்டமே வீணாகிவிட்டது என்று கத்தினேன்.

அவள் கோபப்படவில்லை.

"ஒண்ணுமே இல்லாத எடமாப் பார்த்துத்தான் வச்சேண்ணா. அடியில ஒண்ணும் இல்லன்னா யாரும் வந்து காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க இல்ல."

அப்பா பக்கத்து அறையில் கட்டிலில்தான் படுத்திருந்தார். வீட்டை விட்டுப் போகிற பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறவர், அன்றைக்கு எழுந்து வந்து எங்கள் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"அந்த மாதிரி எடம் எங்கம்மா இருக்குது?" என்று கேட்டார்.

கேலி இல்லை. பதிலுக்காகத்தான் நின்றுகொண்டிருந்தார்.