கட்டிலில் உட்கார்ந்து கேட்ட டாக்டரம்மா

சேதியைக் கொண்டுவந்தது எங்கள் நர்ஸ் சொர்ணம். ராஜபாளையத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த டாக்டரம்மா தூக்கத்திலேயே போய்விட்டார் என்று கரி கேஸில் ஓடுகிற பஸ்ஸின் டிரைவர் சொன்னாராம். “அண்ணாச்சி, நம்ம அம்மா...” என்று விசும்பினாள். நான் அப்போது இருமல் மருந்துக்குக் கல்வத்தில் அதிமதுரம் இடித்துக்கொண்டிருந்தேன். கை நிற்கவே இல்லை. நிறுத்தினால் உள்ளேயிருந்து அதட்டல் வரும் என்று அத்தனை வருஷப் பழக்கம்!

ஸ்ரீவில்லிபுத்தூர் தர்ம ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானப்பூ அம்மாளின் அறைக்கும் என் மருந்து மேஜைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான். என் பக்கம் ஒரே இருட்டு. பின்கட்டில் வெளிச்சமான புது அறை கட்டியதும் மேஜையை அங்கே மாற்றக் கேட்டேன், கெஞ்சினேன், சண்டையும் போட்டேன். “வெளிச்சம் வேணும்னா விளக்கு வாங்கித் தாரேன் கம்பவுண்டரே. மேஜை நகரப்படாது” என்று முடித்துவிட்டார். போதாக்குறைக்கு நான் இடிப்பதை நிறுத்தினால் போதும், உள்ளேயிருந்து பென்சிலால் மேஜையை டொக் டொக்கென்று தட்டுவார். சம்பளம் வாங்குகிறவன் சும்மா இருக்கக் கூடாதாம்! நானும் கோபத்தோடு இரண்டு மடங்கு சத்தமாக இடிப்பேன்.

அவருடைய விசித்திரப் பழக்கம் உங்களுக்கெல்லாம் தெரியும். வயசானவர்கள் சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு படுத்திருக்கிறார்கள் என்று கூப்பிட்டால், நாடியைப் பிடிக்க மாட்டார். அவர்களை எழுப்பி வேறு இடத்தில் உட்கார வைத்துவிட்டு, அந்தக் கட்டிலிலோ பாயிலோ தானே போய் உட்கார்ந்துகொள்வார். வீட்டாரைப் பார்த்து, “செத்த நேரம் எல்லாரும் வாய மூடுங்க” என்பார். டாக்டரம்மாவுக்கே சாமி வந்துவிட்டது என்று ஓடியவர்களும் உண்டு. அந்தப் பழக்கம் எங்கே பிறந்தது என்பது எனக்குத்தான் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

யுத்தத்துக்குச் சில வருஷம் முன்னால் நடந்தது. தேவதானத்தில் சுப்பையா என்று ஒரு விவசாயச் சம்சாரி. பையன்கள் இரண்டு பேர், மாடசாமி, குருசாமி. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் முறையில் இருவருக்கும் தகராறு வந்து, பாகம் பிரித்து, வீட்டுக்கு நடுவே வாசலிலிருந்து தொழுவம் வரைக்கும் மண் சுவர் வைத்துவிட்டார்கள். அப்பாவும் அம்மாவும் இரண்டு பேருக்கும் பொது அல்லவா? அதனால் யாருக்கும் பாரமும் கூடாது குறையும் கூடாது என்று நியாயமாகப் பங்கு போட்டார்கள். அப்பா மூத்தவன் வீட்டில், அம்மா வெள்ளையம்மாள் இளையவன் வீட்டில். ஊரே தலையாட்டியது. நாற்பது வருஷம் சேர்ந்திருந்தவர்களை வெட்டுகிறோமே என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை! அவர்களும் வாய் திறக்கவில்லை. இந்த வயசில் பொண்டாட்டியைத் தேடிப் போகிறான் பார் என்று சிரிப்பார்களே என்ற வெட்கம் அந்த மனுஷனுக்கு.

அவருக்குக் காய்ச்சல் என்று என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போன டாக்டரம்மா, சுப்பையா மாட்டுத் தொழுவத்தில் படுத்திருப்பதை வாசலிலிருந்தே பார்த்துவிட்டுக் கொதித்துப் போனார். “பெத்த அப்பன மாட்டோட கட்டிப் போட்டிருக்கியா?” என்று மாடசாமியைக் கிழி கிழியென்று கிழித்தார். “அவராத்தாம்மா அங்க போய்ப் படுத்துக்கிடுதாரு” என்று அவன் சொன்னதை யார் நம்பினோம்? முன்னறையைக் காலி பண்ணச் சொல்லி, சுண்ணாம்பு அடிக்க வைத்து, ஜன்னலோரம் கட்டில் போட்டு, பெரியவரைக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினோம். வழியெல்லாம் எங்களுக்கு ஒரே பெருமை.

கொஞ்ச நாளில் மாடசாமி ஓடி வந்தான். “காய்ச்ச விட்டுட்டு தாயி. ஆனா அப்பா பேச மாட்டேங்காரு, திங்க மாட்டேங்காரு, சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு. தம்பி வீட்டுக்குத் தெரிஞ்சா கெக்கலி கொட்டுவான்னு வெளிய சொல்லல. கோடாங்கிக்காரன் வந்து திருநீறு போட்டும் கேக்கல” என்றான். போய்ப் பார்த்தால் பெரியவர் பாதியாகிவிட்டார். நாடி, நாக்கு, நெஞ்சு எல்லாம் சரி. உயிர் மட்டும் கையிலிருந்து நழுவிக்கொண்டிருக்கிறது. “பெரிய ஆஸ்பத்திரியில இதுக்கு மெலாங்கோலியா, மனச்சோர்வுன்னு பேரு. பேரச் சொல்லிட்டா ஆச்சா கம்பவுண்டரே?” என்றார் டாக்டரம்மா.

மாடசாமி முன்னே சொன்னது ஞாபகம் வந்ததோ என்னவோ, சட்டென்று எழுந்து தொழுவத்துக்குப் போனார். சாணியை மிதித்துக்கொண்டு உள்ளே நுழைந்து, பெரியவரின் பழைய கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார். என்னையும் பேசாமல் இருக்கச் சொன்னார். மாடு அசைபோடுகிற சத்தம். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம், டொக் டொக்கென்று பாக்கு உரல் இடிக்கும் சத்தம். “ஏட்டி, சோத்துல வாய வைக்காத, போ!” என்று கோழியை விரட்டும் கிழவியின் குரல். மறுபடி டொக் டொக். பிறகு எதையோ எதிர்பார்க்கிற மாதிரி ஓர் அமைதி. டாக்டரம்மா கட்டில் சட்டத்தில் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டினார்.

அந்தப் பக்கமிருந்து உடனே பதில் வந்தது பாருங்கள்! “வந்துட்டியளா? எங்க போனிய இம்புட்டு நாளா?”

டாக்டரம்மா என் கையைப் பிடித்து உலுக்கினார். “நாந்தான்யா அந்த மனுஷனப் பொண்டாட்டி சத்தத்துலேருந்து பிரிச்சுக் கொல்லப் பாத்தேன்! சாணி நாத்தத்துக்குப் பயந்து வாசலோட நின்னேனே, ஒரு தரம் இங்க வந்து உக்காந்தேனா?” என்றார். கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு, இரண்டும் ஒன்றாக.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் என்னால் உட்கார முடியாது. மாடசாமியிடம், “இந்தச் சுவர்ல ஒரு வாசல் வை. அதுதான் மருந்து” என்றார். “செத்தாலும் அவன் பக்கம் வாசல் வைக்க மாட்டேன்” என்று அவன் முறைத்தான். டாக்டரம்மா சேலையை இழுத்துச் செருகினார். மூலையில் கிடந்த கடப்பாரையைத் தூக்கினார். அவர் உயரத்துக்கு அது பெரிசு. ஓங்கி ஒரு குத்து! மண் பொலபொலவென்று அவர் தலையிலேயே கொட்டியது. “யாருலே சுவர இடிக்கது?” என்று அந்தப் பக்கம் குருசாமி கத்தினான். இரண்டாவது குத்து! மாடசாமி பதறிப்போய், “விடுங்க தாயி, நீங்க இடிச்சா எங்க மானம் போயிரும். நான் இடிக்கேன்” என்று கடப்பாரையைப் பிடுங்கினான். மூன்றாவது குத்தில் சுவர் ஓட்டையானது. அடிதடிக்குத் தயாராக அரிவாளோடு நின்ற குருசாமி ஓட்டை வழியே பார்த்தது, தலையெல்லாம் மண்ணோடு நிற்கும் டாக்டரம்மாவை! “உங்கப்பன் பொழைக்கணுமா, வேண்டாமாலே?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். அவன் அரிவாளைப் போட்டுவிட்டு அவன் பக்கமிருந்து மண்ணைப் பெயர்க்க ஆரம்பித்தான்.

வெள்ளையம்மாள் குனிந்து அந்த ஓட்டை வழியே வந்தார். கையில் பாக்கு உரல். நாங்கள் பெரியவரைத் தொழுவத்துக்குத் தூக்கி வந்து கட்டிலில் விட்டோம். அவர் கண்ணைத் திறந்து பெண்டாட்டியைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, “வெத்தலை இருக்கா?” நான் கைதட்டிவிட்டேன். மாடுகள் மிரண்டுவிட்டன.

அதற்குப் பிறகுதான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் உட்காருவது. ராஜபாளையம் கடைத்தெருவில் ஒரு ராவுத்தர் வீட்டு அம்மா இப்படித்தான் சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டார். மருமகள்கள், “உம்மாவுக்கு ஒரு வேலையும் வைக்காமத் தாங்குதோம்” என்றார்கள். டாக்டரம்மா அந்தம்மாவின் மெத்தையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, “இங்கேருந்து பாத்தா எல்லாரும் ஓடுதாங்க, இவிய மட்டும் பொம்ம மாதிரி இருக்காவ. மொதல்ல சாவிக்கொத்தக் குடுங்க” என்றார். சாவி இடுப்பில் ஏறிய அன்றைக்கே அந்தம்மா, மீன் குழம்பில் புளி போதவில்லை என்று ஒரு மருமகளை வைதாராம். அந்தச் சேதி வந்ததும் டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

டாக்டரம்மாவின் அடக்கத்துக்கு ஒரே வண்டியில் சுப்பையாவும் வெள்ளையம்மாளும் வந்திருந்தார்கள். ஓட்டி வந்தது குருசாமி, தகப்பனைக் கைத்தாங்கலாக இறக்கியது மாடசாமி. “எங்கள உக்கார வச்சிட்டு நீ போயிட்டியே தாயி” என்று கிழவி அழுதபோதுதான் என் அழுகையும் உடைந்தது.

ஆஸ்பத்திரியை மறுபடி திறந்த அன்று சாயங்காலம், கூட்டம் போனபின் அவர் அறையைப் பூட்டப் போனேன். என்ன நினைத்தேனோ, அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணம் காட்சி இல்லாமல் ஒண்டியாகவே இருந்த மனுஷி, விளக்கு வைத்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த நாற்காலி. ஊரில் எத்தனையோ கட்டிலில் உட்கார்ந்து பார்த்தவரின் இடத்தில் நாங்கள் யாருமே உட்கார்ந்து பார்த்ததில்லை. ஜன்னலில் ஒரு சுவர்தான் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. அப்போது பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சொர்ணம் கல்வத்தை இடிக்க ஆரம்பித்தாள். டொக் டொக்.

அடப்பாவி! மேஜையை ஏன் நகர்த்த விடவில்லை என்று அப்போதல்லவா விளங்கியது எனக்கு!

புது டாக்டர் வரப்போகிறார். பின்கட்டில் நல்ல வெளிச்சம் இருக்கிறதே என்று கேட்பார். கேட்கட்டும், மேஜை அங்கேயேதான் இருக்கும். டாக்டரம்மாவின் சாமான்களில் நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அந்தக் கட்டைப் பென்சில் ஒன்றுதான். அன்றைக்குச் சொர்ணம் இடிப்பதை நிறுத்தியதும் என் கை தானாக அதை எடுத்து மேஜையில் இரண்டு தட்டுத் தட்டியது. அந்தப் பக்கம் ஒரு கணம் சத்தமில்லை. பிறகு அவள் மறுபடி இடித்தாள்.