தோற்று நீதிபதியானவர்

எண்பதுகளில், லண்டன் ஹோட்டல் ஒன்றில் நான் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்த அந்த அமெரிக்கருக்குப் புதர் போன்ற வெள்ளைப் புருவம். யார் பேசினாலும் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்பார். சட்டத்தரணியாக இருந்து அரசியலுக்குப் போனவர்.

“தேர்தலில் தோற்றேன், நீதிபதியாக்கிவிட்டார்கள்” என்று சிரித்தார்.

எனக்கு வயிறு எரிந்தது. யாழ்ப்பாணத்தில் நானும் சட்டத்தரணிதான். எந்தத் தேர்தலிலும் தோற்காமலே இங்கே ட்ரே தூக்குகிறேன்.

எரிச்சலிலும் பழக்கம் விடவில்லை. நீதிமன்றத்தில் செய்வதுபோலத் தலைகுனிந்து, முதுகு காட்டாமல் கதவுவரை பின்வாங்கிவிட்டேன்.

அவர் எழுந்து நின்றார். “எந்த நீதிமன்றத்தில் வாதாடினீர்கள்?”

லண்டனில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. அதையும் இவரே கேட்க வேண்டுமா என்று இன்னும் எரிந்தது.

மறுநாள் கூட வேலைசெய்தவர், “அண்ணை, இண்டைக்கு அவருக்கு நான் ரீ கொண்டுபோறன்” என்றார்.

“ஏலாது. அவருக்கு நான்தான் கொண்டுபோவன்.”